வெள்ளிக்கிழமைக் கட்டு

மெக்கானிக் ஒன்றுவிடாமல் செய்திருந்தான். வண்டியை அங்கேயே நிறுத்தினான். விழுந்து கிடந்தவளைத் தூக்கி அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். நாலு பக்கமும் நின்று படம் எடுத்தான். காவல் நிலையத்துக்குத் தானே தகவல் சொன்னான். ஐந்தாவதாகப் பாலிசி அக்காவுக்கு போன் போட்டான்.

'விபத்து நடந்தால்' என்று தலைப்பிட்டு இந்த ஐந்தையும் அச்சடித்து, தன்னிடம் இன்சூரன்ஸ் எடுத்தவர்களின் வண்டிகளில் அவளே ஒட்டிக் கொடுத்திருந்தாள். யாரும் அதைப் படித்ததாக அவளுக்கு நம்பிக்கை இருந்ததில்லை.

"அக்கா, என் வண்டியில ஒரு சைக்கிள் மாட்டிக்கிச்சு" என்றான். ஒரு பழைய வேனில் வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். எப்போதும் உரக்கப் பேசுகிறவன், இன்று மெதுவாகப் பேசினான்.

"யாருக்கு என்ன ஆச்சு? முதல்ல அதைச் சொல்லு."

"ஒரு பொண்ணு. முடி வெட்டுற கடையில வேலை பாக்குதாம். தொடை எலும்பு போயிடுச்சுங்கறாங்க. நெனவு இருக்கு, பேசுது. நான் இடது பக்கம் திரும்பினேன்... பாக்கலக்கா. பாத்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். பாக்கவே இல்ல."

"எத்தனை மணிக்கு?"

"பத்தே கால், பத்து இருபது இருக்கும்."

"சரி, பயப்படாத. பாலிசி இருக்குல்ல."

ஒன்பது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். அது முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் பார்வை மேஜையின் இழுப்பறைக்குப் போனது.

"ஆமாக்கா, அந்தத் தைரியத்துலதான் நிக்கறேன். போன வெள்ளிக்கிழமையே பணம் குடுத்துட்டேன்ல? அந்தப் பேப்பரை மட்டும் அனுப்பிடுங்க. ஸ்டேஷன்ல கேக்கறாங்க."

"அனுப்பறேன்" என்று சொல்லி வைத்தாள்.

இழுப்பறையைத் திறக்க வேண்டிய அவசியமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் திறந்தாள். ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. ஒன்பது விண்ணப்பங்கள், ஒவ்வொன்றோடும் ஒரு உறை. அடியில் இருந்தது மெக்கானிக்குடையது. இந்த வாரத்தின் முதல் ஆள் அவன்தான். அதனால் எல்லாருக்கும் கீழே.

கடையின் முன்பாதியில் கணவர் பெயிண்ட் விற்றார். பின்பாதியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர். அது இவளுடைய ஆபீஸ். டின்னைக் குலுக்கும் இயந்திரம் ஓடும்போது பேச்சு கேட்காது என்பதால் வாடிக்கையாளர்கள் அது நிற்கும்வரை காத்திருந்து பேசுவார்கள். இப்போது அது ஓடிக்கொண்டிருந்தது. நிற்க வேண்டாம் என்று தோன்றியது.

அவள் வாரம் முழுக்கப் பணம் வாங்குவாள். கையெழுத்திட்டு ரசீது கொடுப்பாள். எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் மொத்தமாகக் கட்டுவாள். வாங்கிய மறுநாளுக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. கைபேசியிலேயே இரண்டு நிமிடத்தில் கட்டிவிடவும் முடியும். ஆனால் கிளை அலுவலகத்தின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் எத்தனை பாலிசி கொண்டுவந்தார்கள் என்று அதில் எழுதுவார்கள். தனித்தனியாகக் கட்டினால் அந்தக் கணக்கு எங்கோ கம்ப்யூட்டருக்குள் போய்விடும். கட்டாகக் கொண்டுபோனால் பலகையில் ஏறும். அவள் பெயர் மேலிருந்து முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வெளியே வருவாள். அவ்வளவுதான். இவ்வளவுக்காகத்தான்.

பழைய பாலிசி முடிந்து புதியது தொடங்கும்வரை சிலருக்கு நடுவே சில நாட்கள் விழும். புதுப் பேப்பரில் தொடங்கும் தேதி, மணி, நிமிடம் எல்லாம் அச்சாகியிருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. முடியும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்வார்கள்.

மெக்கானிக்கின் பழைய பாலிசி போன வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு முடிந்தது. அன்று சாயங்காலம், அவள் கிளையிலிருந்து திரும்பிய பிறகு, அவன் கடைக்கு வந்து பணம் கொடுத்தான். இன்று வியாழன். ஆறு நாளாக அவன் வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது.

இயந்திரம் நின்றது. கணவர் டின்னைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"இப்ப கட்டு" என்றார்.

"இப்ப கட்டினா இப்போதைய நேரம்தாங்க விழும்."

"விழட்டும். மணி பதினொன்னு. ஸ்டேஷனுக்கு போன்லதான சொல்லியிருக்கான், இன்னும் எழுதிக் குடுக்கலைல்ல? பன்னெண்டு மணிக்கு நடந்துச்சுன்னு சொல்லட்டும். முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?"

"இரு, முழுசா கேளு. அவன்கிட்ட என்ன இருக்கு? ஒரு ஸ்பேனர் பெட்டியும் அந்த ஓட்டை வண்டியும். இன்சூரன்ஸ் இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு ஈடு அவன்தான் கட்டணும். எங்கேருந்து கட்டுவான்? அவளுக்கும் ஒண்ணும் கெடைக்காது, இவனும் அழிஞ்சு போவான், உன் லைசென்ஸும் போகும். பன்னெண்டு மணின்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாருக்கும் நல்லது. கம்பெனிக்கு இது ஒரு கொசுக்கடி."

அவர் கெட்டவர் இல்லை. கடன் கேட்டு வந்தவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து இல்லையென்று சொல்கிறவர். அவர் சொன்னதில் எந்த வாக்கியத்தையும் அவளால் தவறென்று மறுக்க முடியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொண்ணு" என்றார், குரலைத் தாழ்த்தி. "அவன்கிட்ட நீ குடுத்த ரசீது இருக்கும். போன வெள்ளிக்கிழமை தேதி போட்டது. புதுப் பேப்பர் குடுக்கும்போது அதைத் திருப்பி வாங்கிடு. மறந்துடாத."

கட்டைப் பிரித்தாள். அப்போதுதான் வேறொன்று உறைத்தது. ஒன்பது பேர். மெக்கானிக் ஒருவன் மட்டுமா? ஒவ்வொன்றாக முடியும் தேதியைப் பார்த்தாள். ஆறு பேருக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு முட்டைக்காரர், அவருக்கு நேற்றோடு முடிந்திருந்தது. ஒரு டாக்ஸிக்காரர், அவருக்கு முந்தாநாள்.

டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டாள். மூன்று முறை அடித்தபிறகு எடுத்தார். ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "சொல்லுங்க பாலிசி அக்கா!" என்றார் உற்சாகமாக.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பாலத்து மேல. பின்னாடி குடும்பமா அஞ்சு பேர். கல்யாணத்துக்குப் போறாங்க."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க."

"பாலத்து மேலயா? எதுக்கு?"

"பாலம் எறங்கினதும் நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம். நான் திரும்பக் கூப்பிடற வரைக்கும் எடுக்காதீங்க."

"அக்கா, அவங்க மாப்பிள்ளை வீடு. தாலி கட்ற நேரம் போயிடும்னு என்னை உரிச்சுடுவாங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க."

"உங்க பாலிசி முந்தாநாளே முடிஞ்சுடுச்சு. நான் இன்னும் கட்டல."

ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒரு பெரியவர் பின்சீட்டிலிருந்து ஏதோ கேட்டார்.

"ரெண்டு நாளா ஏர்போர்ட்டுக்கும் ஊருக்கும் ஓட்டிட்டு இருக்கேன்" என்றார் மெதுவாக. "சரி. நிறுத்திட்டேன். கட்டுங்க."

வண்டி எண்ணை இரண்டு முறை தவறாக அடித்தாள். வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பாலத்தடியில் ஐந்து பேர் ஒரு கல்யாணத்துக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் பேப்பர் வந்தது. பதினொன்று பதினாறு முதல், என்று அதில் இருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். "சரி" என்று ஒரே சொல்லில் வைத்துவிட்டார். அக்கா என்று சொல்லவில்லை. முட்டைக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார், அவருக்கும் கட்டினாள். தேதி முடியாத ஆறையும் கட்டினாள். ஒன்பது வருடம் தள்ளிப்போட்ட வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

மிச்சம் மெக்கானிக்குடையது.

கணவர் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து நின்றார். "கட்டு" என்றார்.

கட்டினாள். பிரிண்டர் முனகிக்கொண்டு தாளைத் தள்ளியது. பதினொன்று முப்பத்து நாலு முதல். இனி ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. அதை அவள் சொல்லவேண்டியதில்லை. இன்னொருவன் சொல்ல வேண்டும்.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் பக்கத்து வண்டிகளைப் பார்த்தாள். எந்த வண்டிக்கு இருக்கிறது, எந்த வண்டிக்கு இல்லை என்று வெளியே தெரிவதில்லை. எல்லாரும் ஒரே மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

காவல் நிலையத்து வளாகத்தில் மெக்கானிக்கின் வண்டி நின்றது. முன்விளக்கு உடைந்திருந்தது. கதவில் சைக்கிள் கைப்பிடி கீறிய நீளமான கோடு. உள்ளே, சுவரோரப் பெஞ்சின் ஒரு கோடியில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். மறுகோடியில், சமையல்கட்டிலிருந்து அப்படியே ஓடிவந்தவர் போல ஏப்ரனோடு ஒருவர். அடிபட்ட பெண்ணின் கணவர். ஏதோ ஹோட்டலில் வேலை போலும். இருவருக்கும் நடுவே மூன்று பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் போய் அதில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்களா" என்று மெக்கானிக் மூச்சு விட்டான்.

அவளுக்கு முன்னால் அந்தக் கணவர் பேசிவிட்டார். "நீங்கதான் இன்சூரன்ஸா?"

"ஆமாங்க."

"ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. உள்ள கம்பி வைக்கணுமாம். நாள் பூரா நின்னே வேலை பாக்கறவ. மறுபடி எப்ப நிப்பான்னு கேட்டேன், டாக்டர் பதில் சொல்லல." அவர் ஏப்ரனின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா, இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். கைப்பைக்குள் தாள் இருந்தது. இருக்கு என்று சொன்னால் அது இந்த நிமிடத்துக்குப் பொய்யில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள்.

மெக்கானிக் அவள் பக்கம் சாய்ந்தான். "அக்கா, ஏதாவது சிக்கலா? மூஞ்சியே சரியில்ல."

அவள் குனிந்து, காதுக்கு மட்டும் கேட்கிறபடி உள்ளதைச் சொன்னாள். கட்டாமல் வைத்திருந்ததை, இன்று பதினொன்று முப்பத்து நாலுக்குக் கட்டியதை. அவன் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச்சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். வெளியே யாரோ ஒரு கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"நேரம் இன்னும் எழுதிக்கலக்கா" என்றான். "அதிகாரி சாப்பிட்டுட்டு வந்து எழுதறேன்னு போயிருக்காரு. நீங்க என்ன நேரம் சொல்றீங்களோ அதையே சொல்லிடறேன். உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸையும் ஸ்டேஷனையும் கூப்பிட்ட நேரம் எங்கோ பதிவாகியிருக்கும். மருத்துவமனை நோட்டில் இருக்கும். கிளை அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு ஆள் இருந்தார். பாலிசி எடுத்த அதே நாளில் விபத்து என்றால் அவருடைய மேஜைக்குத்தான் முதலில் போகும். அவர் அவசரப்பட மாட்டார். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து, அந்தப் பெண் நடக்கப் பழகிய பிறகோ பழகாத பிறகோ, நீதிமன்றத்தில் அந்த நோட்டை விரித்து வைப்பார். அன்று கூண்டில் நிற்பவன் இவன்தான். பொய்யில் அவள் கையெழுத்து எங்கும் இருக்காது. எல்லாருக்கும் நல்லது என்று தன் கணவர் சொன்னதில் இது ஒன்றுதான் இல்லை.

ஆனால் கண்டுபிடிக்காமலும் போகலாம். அப்படிப் போன கதைகளும் அவளுக்குத் தெரியும்.

புகார் எழுதும் அதிகாரி கை துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். தாளை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "வாப்பா" என்றார். மெக்கானிக் எழுந்து எதிரே போய் உட்கார்ந்தான். அவளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகவரி, வண்டி எண், எந்தத் தெரு, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம். பேனா நிதானமாக ஓடியது.

"எத்தனை மணிக்கு?"

மெக்கானிக் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சலோ மிரட்டலோ இல்லை. கணக்குப் போடத் தெரியாதவன் கல்லாக்காரரைப் பார்க்கிற மாதிரி, எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள் என்று பார்த்தான்.

பெஞ்சில் அந்தக் கணவர் ஏப்ரனைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தார். அதிகாரி தலை தூக்கினார்.

"என்னப்பா, நேரம் கேட்டா ஊமையாயிட்டே? ராகுகாலம் பாக்கறியா?"

"பன்னெண்டு..." என்று மெக்கானிக் தொடங்கினான்.

"பத்து இருபது" என்றாள் அவள்.

சொன்னபிறகுதான் தன் குரல் என்று தெரிந்தது. அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க யாரு? வண்டியில இருந்தீங்களா?"

"இல்லீங்க. இவருக்குப் பாலிசி போட்டுக் குடுக்கறவ. பத்து இருபதுக்கு நடந்துச்சுன்னு எனக்கு போன்ல சொன்னாரு. அந்த நேரத்துல இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல. ஆனா இவர் போன வெள்ளிக்கிழமையே என்கிட்ட பணம் குடுத்துட்டாரு. நான்தான் கட்டல." மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நான் குடுத்த ரசீது எங்க?"

அவன் பர்ஸிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தான். அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"என்கிட்ட குடுக்காத. யார் கேட்டாலும் என்கிட்ட குடுக்காத. சாருக்கு ஒரு பிரதி குடுத்துட்டு நீயே வச்சுக்கோ. நல்ல வக்கீலா பாரு. முதல்ல இதைக் காட்டு. நான் கம்பெனி ஆள், கம்பெனி பேர்ல பணம் வாங்கினேன், அதனால அவங்கதான் ஈடு குடுக்கணும்னு வாதாட உனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். ஜெயிக்கும்னு சொல்ல முடியாது. இழுப்பாங்க. ஆனா இது உண்மை, யாரும் இதை உடைக்க முடியாது." பெஞ்சைப் பார்த்தாள். "உங்களுக்கும்தாங்க. உங்க வக்கீலும் இதைக் கேப்பாரு."

"அப்ப இன்சூரன்ஸ் இல்லைங்கறீங்க" என்றார் அந்தப் பெண்ணின் கணவர். அவருக்கு அது ஒன்றுதான் காதில் விழுந்திருந்தது. அவள் தலையசைத்தாள். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி வேறொரு தாளை எடுத்தார். "அப்ப உங்க வாக்குமூலம் தனியா வேணும்" என்றார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். பாதியில் நிறுத்தி, கொஞ்சம் இரக்கத்தோடு, "வேலை நெருக்கடியில மறந்துட்டீங்கன்னு போட்டிருக்கேன்" என்றார்.

"மறக்கலீங்க."

"என்னம்மா?"

"மறந்துட்டேன்னு எழுதாதீங்க. வாராவாரம் சேர்த்து வச்சு வெள்ளிக்கிழமைதான் கட்டுவேன். நடுவுல சில பேருக்கு நாள் விட்டுப் போகும்னு தெரியும். தெரிஞ்சே வச்சிருந்தேன்."

"அப்படி எழுதினா உங்க தலையிலதான் விடியும். தெரியுதா?"

"தெரியுது."

அவர் ஒரு கணம் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி இருந்தார். பிறகு 'மறதியினால்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கடையிலிருந்து கணவராக இருக்கும். எடுக்கவில்லை. அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அடித்த சொல்லுக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒன்று போடச் சொன்னார். போட்டாள்.

மெக்கானிக் இவ்வளவு நேரமும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். அவன் நாற்காலி கொஞ்சம் விலகியிருந்தது. எப்போது விலக்கினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ கணக்குப் பார்ப்பவன்போல விரலை மடக்கினான், பிரித்தான்.

"போன வருஷமும் நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான குடுத்தேன்" என்றான்.

"ஆமா."

"அப்ப போன வருஷமும் இப்படித்தானா?"

"ஆறு நாள்" என்றாள்.

"அந்த வாரம் பிள்ளைங்க ரெண்டையும் வண்டியில ஏத்திக்கிட்டு எங்க அம்மா ஊருக்குப் போயிட்டு வந்தேன்."

எழுந்து, பிரதி எடுக்கச் சொல்லி ரசீதை அதிகாரியிடம் நீட்டினான்.